பட்டணத்துல நாலு காசு மிச்சம் பிடிக்கிறது எப்படி? (எதுல பிடிக்கக் கூடாது?)

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. கொஞ்சம் நீளம். ஒரு டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க. வீட்ல போட்ட டீயா இருந்தா தலைப்புக்கும் பொருத்தமா இருக்கும் :-)

சிக்கனம் பத்தி எழுத உக்கார்றவங்க எல்லாருமே முதல்ல கை வைக்கிறது இந்த டீ மேலதான். "தினம் ரெண்டு டீ, ஒரு டீ 15 ரூபா, மாசம் 900, வருஷம் 10,800, இதையே முப்பது வருஷம் மியூச்சுவல் ஃபண்டுல போட்டா நீங்க லட்சாதிபதி." கணக்கு சரிதாங்க. ஆனா முப்பது வருஷம் டீக்கடைப் பக்கமே ஒதுங்காம, நாலு பேர்கிட்ட நின்னு ரெண்டு வார்த்தை பேசாம இருந்த மனுஷன், அந்த லட்சத்தை வச்சு யாரோட என்ன செய்யப் போறான்?

சென்னைல இருபது வருஷத்துக்கு மேல குப்பை கொட்டினதுல எனக்குப் புரிஞ்சது ரெண்டே விஷயம். ஒண்ணு, பணம் போற ஓட்டை டீ கிளாஸ்ல இல்ல. வாடகை, கரண்டு, போக்குவரத்து, ஆஸ்பத்திரி, தவணை, இதுலதான் குடம் குடமா ஒழுகுது. ரெண்டாவது, மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு ரூபாயையும் யாரோ ஒருத்தர் கொடுக்கறாங்க. சில சமயம் வீட்டு ஓனர் கொடுப்பார், சில சமயம் கம்பெனிக்காரன் கொடுப்பான். பல சமயம் கொடுக்கறது நம்ம உடம்பு, நம்ம வீட்டம்மா தூக்கம், இல்லைன்னா கீரைக்காரம்மா வயிறு. அது யாருன்னு பார்க்காம மிச்சம் பிடிக்கிறதுக்குப் பேரு என் அகராதியில சிக்கனம் இல்ல.

சரி, ஒவ்வொண்ணா பார்ப்போம்.

1. வீட்டு வாடகை

சம்பளத்துல பெரிய துண்டு இதுக்குத்தான் போகுது. இதுல ஒரு தடவை சரியா முடிவெடுத்துட்டா, பத்து வருஷம் டீயைக் குறைச்சாலும் வராத மிச்சம் வந்துரும். அதனாலதான் எல்லாரும் "கூடுவாஞ்சேரி போ, ஊரப்பாக்கம் போ, திருநின்றவூர் போ, பாதி வாடகைல வீடு கிடைக்கும்"னு சொல்றாங்க. உண்மைதான். ஆனா போறதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க.

உதாரணத்துக்கு, ஆபீஸ் நுங்கம்பாக்கத்துல. கோடம்பாக்கம் பக்கம் வீடு 20,000. கூடுவாஞ்சேரில அதே மாதிரி வீடு 11,000. மிச்சம் 9,000. ஆனா போக வர கூடுதலா தினம் 2 மணி நேரம் ஆகுதுன்னு வச்சுக்குங்க. மாசம் 25 நாளைக்கு 50 மணி நேரம். அதாவது உங்க ஒரு மணி நேரத்தை 180 ரூபாய்க்கு வித்திருக்கீங்க. தனியாளா, மின்சார ரயில்ல உக்கார இடம் கிடைச்சு, புத்தகம் படிச்சிட்டுப் போற ஆளா இருந்தா இது நல்ல வியாபாரம். கண்ணை மூடிட்டுப் போகலாம்.

அதே வீட்ல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் நகரத்துக்குள்ள வேலைக்குப் போறாங்கன்னா? 100 மணி நேரம். மணிக்கு 90 ரூபாய். வீட்டுக்கு வந்து சமைச்சு, பிள்ளைக்கு வீட்டுப்பாடம் பார்க்கிற ஆளோட ரெண்டு மணி நேரம் அது. இந்தக் கணக்கை யாரும் நோட்டுல எழுதறதில்ல. அதனால நான் சொல்றது என்னன்னா, ஊர் தள்ளிப் போறதா இருந்தா ரயில் பாதையை ஒட்டியே போங்க. ஸ்டேஷன்ல இருந்து நடக்கிற தூரத்துல வீடு பாருங்க. "ஸ்டேஷன்ல இருந்து அஞ்சே நிமிஷம்"னு புரோக்கர் சொன்னா, அவர் எதுல போனார்னு கேளுங்க. அவர் புல்லட்டுல போயிருப்பார் :-)

அடுத்தது அட்வான்ஸ். சென்னைல பத்து மாச அட்வான்ஸ்ங்கிறது ஏதோ சாஸ்திரம் மாதிரி ஆயிடுச்சு. 15,000 வாடகை வீட்டுக்கு ஒன்றரை லட்சம். அந்தப் பணம் பேங்க்ல 6 சதவீத வட்டிக்குக் கிடந்தாலே வருஷம் 9,000. அப்ப உங்க நிஜ வாடகை 15,000 இல்ல, 15,750. தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017-ல வந்தது, 2019 பிப்ரவரியில அமலுக்கு வந்தது. அது முன்பணத்துக்கு மூணு மாச வாடகைனு ஒரு அளவு சொல்லுது. நடைமுறைல எந்த ஓனரும் சட்டப் புத்தகத்தைப் பார்த்து வீடு கொடுக்கிறதில்ல, தெரியும். ஆனா பேரம் பேசறதுக்கு அது ஒரு பிடி. "பத்து முடியாது சார், அஞ்சு தரேன்"னு கேட்டா குறைக்கிற ஓனர்கள் இருக்காங்க. கீரைக்காரம்மாகிட்ட பேரம் பேசற நாம, ஒன்றரை லட்சத்துக்கு வாயே திறக்காம செக் எழுதிக் கொடுக்கறோமே, அதுதான் எனக்குப் புரியவே மாட்டேங்குது.

2. கரண்டு பில்

இதைப் பத்தி எனக்கு வயித்தெரிச்சல் நிறைய. தமிழ்நாட்டுல வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை கணக்கு. முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள்ள இருந்தா, அடுத்த 100 யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201-ல இருந்து 400 வரைக்கும் 4.70, அதுக்கு மேல 500 வரைக்கும் 6.30. இது 2024 ஜூலைல மாத்தின விகிதம்.

ஒரு சின்னக் குடும்பம் ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட் எரிக்குதுன்னு வைங்க. மின்வாரியத்துக்கு நேரா கட்டினா 235 + 470 = 705 ரூபாய். ஆனா வாடகை வீட்ல ஓனர் சப் மீட்டர் வச்சு "யூனிட்டுக்கு எட்டு ரூபா"ன்னு வாங்கினா? 2,400. வித்தியாசம் 1,695. வருஷத்துக்கு ஆறு பில். பத்தாயிரத்துக்கு மேல! இதுல அரசாங்கம் உங்களுக்குக் கொடுத்த இலவச 100 யூனிட்டும் ஓனர் பாக்கெட்டுக்குள்ள போயிடுது.

முன்னாடி நாங்க குடியிருந்த ஒரு வீட்ல இதே கதைதான். நான் ஈ.பி. கார்டை எடுத்துக் காட்டி, "சார், ஸ்லாப் படி பார்த்தா இவ்வளவுதான் வருது"ன்னேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி, மோட்டார் ஓடுது, மாடிப்படி லைட்டு எரியுது, எல்லாம் யார் தலைல கட்டறது?"

"மோட்டாருக்கு தனியா வாங்கிக்கங்க சார், தரோம்."

"இஷ்டம்னா இருங்க, இல்லைன்னா கீழ நாலு பேர் வீடு கேட்டு நிக்கிறாங்க."

அவ்வளவுதான் பேச்சு. பதினொரு மாச ஒப்பந்தம் முடிஞ்சதும் கிளம்பிட்டோம். இப்ப நான் வீடு பார்க்கப் போற யாருக்கும் சொல்ற முதல் வார்த்தை, வாஸ்து பார்க்கிறதுக்கு முன்னாடி மீட்டர் பாருங்க. "தனி மீட்டரா? பில்லை நேரா நாங்களே ஆன்லைன்ல கட்டிக்கலாமா?" இந்த ரெண்டு கேள்வியும் கேளுங்க. தனி மீட்டர் இருக்கிற வீட்டுக்கு வாடகை 500 ரூபாய் கூட இருந்தாலும் பெரும்பாலும் லாபம்தான்.

சொந்த மீட்டர் இருக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. 500 யூனிட்டுங்கிறது ஒரு பள்ளம். 500 யூனிட் எரிச்சா பில் 1,805. ஒரே ஒரு யூனிட் தாண்டி 501 ஆச்சுன்னா, 101-200க்கான சலுகை விகிதம் போய் மொத்தக் கணக்கும் மாறிடும். அந்த ஒரு யூனிட்டுக்காக 240 ரூபாய்க்கு மேல ஏறும். அதனால ரீடிங் எடுத்த தேதிய காலண்டர்ல குறிச்சு வச்சுக்குங்க. ஐம்பதாவது நாள் போய் மீட்டரைப் பாருங்க. 450 பக்கம் நிக்குதுன்னா அந்தக் கடைசிப் பத்து நாள் ஏசிக்கும் கீசருக்கும் லீவு விட்டுருங்க.

ஃபேன் மாத்தறதும் நல்ல முதலீடு. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் பக்கத்துல. ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துல ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம். எல்லா ஃபேனையும் ஒரே நாள்ல மாத்த வேணாம். பழசு ரிப்பேர் ஆகும்போது ஒண்ணொண்ணா மாத்துங்க.

3. போக்குவரத்து

ஆபீஸ் 15 கிலோமீட்டர்னா, பைக்ல தினம் 30, மாசம் 750 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கொடுத்தா 17 லிட்டர் பெட்ரோல். லிட்டர் நூறு ரூபாய்னு வச்சாலே 1,700. ஆயில், டயர், சர்வீஸ், போலீஸ்கார் எல்லாம் தனி ;-) மாநகரப் பேருந்துல விருப்பம் போல் பயணம் செய்யற மாதாந்திர பாஸ் 1,000 ரூபாய். ஏசி பஸ் தவிர எதுல வேணும்னாலும் ஏறி இறங்கலாம். மின்சார ரயில் சீசன் டிக்கெட்னா இன்னும் கொள்ளை மலிவு. தாம்பரம் - பீச் மாச சீசன் ஐநூறு ரூபாயைக் கூடத் தொடாது. இந்தியாவுல ஒரு சாமானியன் கொடுக்கிற காசுக்கு இவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போற வண்டி வேற எதுவும் இருக்கான்னு எனக்குத் தெரியல.

மெட்ரோ கொஞ்சம் காஸ்ட்லிதான். 2021 பிப்ரவரியில அதிகபட்ச கட்டணத்தை 70-ல இருந்து 50 ஆக்கினாங்க. க்யூ.ஆர். டிக்கெட்டோ கார்டோ வச்சிருந்தா 20 சதவீதம் குறையும். கவுன்ட்டர்ல வரிசைல நின்னு முழுக் காசு கொடுக்கிறவங்களைப் பார்த்தா பாவமா இருக்கு.

பெண்களுக்கு சாதாரணக் கட்டண டவுன் பஸ் 2021 மே மாசத்துல இருந்து இலவசம். மாநிலத் திட்டக்குழு ஆய்வுல, இதனால ஒரு பெண்ணுக்கு மாசம் சராசரியா 888 ரூபாய் மிச்சமாகுதுன்னு சொன்னாங்க. இதை "ஓசி பஸ்"னு நக்கல் அடிக்கிறவங்களைப் பார்த்தா எனக்குக் கோபம் வரும். அந்த 888 ரூபாய் யாரோட காசு? நாம தீப்பெட்டில இருந்து செல்போன் வரைக்கும் வரி கட்டித்தான் வாங்கறோம். எங்க தெருவுல வீட்டு வேலைக்கு வர்ற ஒரு அக்கா, முன்னாடி நடந்தே வந்துட்டு இருந்தவங்க, இப்ப பஸ்ல வந்து கூட ஒரு வீடு பிடிச்சிருக்காங்க. பஸ் காசு மிச்சம், கூட ஒரு சம்பளம். சேமிப்புன்னா இதுதான் சேமிப்பு.

4. காய்கறி, மளிகை, ரேஷன்

கோயம்பேடு மார்க்கெட் 1996-ல கொத்தவால் சாவடியில இருந்து மாறி வந்தது. மொத்த விலைக்குக் கிடைக்கும்னு நாலு பேர் சொல்வாங்க. தனியா ஒரு வீட்டுக்குப் போனா வேலைக்கு ஆகாது. பெட்ரோலும் பார்க்கிங்கும் போட்டா தெருக்கடை விலை வந்துரும், ஆசைப்பட்டு வாங்கின அஞ்சு கிலோ தக்காளில ரெண்டு கிலோ அழுகிரும். நாலு வீடு சேர்ந்து, வாரத்துக்கு ஒரு வீட்டு ஆள் போய் வாங்கிட்டு வந்து பிரிச்சுக்கிட்டா மட்டும்தான் லாபம். எங்க அபார்ட்மெண்ட்ல ஒரு வருஷம் இது ஓடுச்சு. "உங்களுக்கு நல்ல கத்திரிக்கா, எனக்கு சொத்தை கத்திரிக்கா"ன்னு ஒரு சண்டை வந்து நின்னு போச்சு. பொருளாதாரத்தை ஜெயிச்சாலும் கத்திரிக்காயை ஜெயிக்க முடியல :-)

மளிகைக்கு என் ஓட்டு இன்னமும் அண்ணாச்சி கடைக்குத்தான். சூப்பர் மார்க்கெட்ல விலை கிலோவுக்கு ரெண்டு மூணு ரூபாய் குறைவா இருக்கலாம். ஆனா அங்க போனா லிஸ்ட்ல இருக்கறது எட்டு, தள்ளுவண்டில இருக்கறது இருபது. அண்ணாச்சி கடைல கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நிக்கிறோம். கேட்டது மட்டும்தான் கைக்கு வரும். அதுவே பெரிய மிச்சம். மாசக் கடைசில நோட்டுல எழுதிக்கிட்டு வட்டியில்லாம கடன் கொடுக்கறது வேற எவன்? எந்த கிரெடிட் கார்டும் "சம்பளம் வரட்டும் தம்பி, பார்த்துக்கலாம்"னு சொல்லாது.

ரேஷன். இதுல நம்ம நடுத்தர வர்க்கத்துக்கு ஒரு கூச்சம். கார்டை அட்ரஸ் ப்ரூஃபுக்கு மட்டும் வச்சிருப்பாங்க. தமிழ்நாட்டுல துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கொடுக்கறாங்க. ரெண்டும் சேர்ந்து 55. வெளியில ரெண்டும் இருநூறைத் தாண்டும். வீடு மாத்தினா கார்டு முகவரியையும் ஆன்லைன்ல மாத்திக்குங்க. நிஜமாவே வேண்டாம்னா அதுவும் நல்லதுதான், வாங்காம விட்டுருங்க. ஆனா "நமக்கு எதுக்குங்க அதெல்லாம்"னு கௌரவத்துக்கு விட்டுட்டு, மாசக் கடைசில கைமாத்து கேக்கிறதுதான் வேடிக்கை. ரேஷன் வரிசைல நிக்கிறது கேவலம் இல்லீங்க. திருப்பிக் கொடுக்க முடியாத கடன் வாங்கறதுதான் சிரமம்.

5. வீட்டுச் சாப்பாடு

எல்லா சிக்கனப் பதிவுலயும் வர்ற வரி: "ஹோட்டல்ல சாப்பிடாதீங்க, வீட்ல இருந்து டப்பா கொண்டு போங்க." கணக்கு எளிது. மதியச் சாப்பாடு வெளியில 100 ரூபாய், வீட்ல 40 ரூபாய்னா மாசம் 1,500 மிச்சம். இதை எழுதறவங்கள்ல பாதிப்பேர் அந்த டப்பாவை யார் கட்டறாங்கன்னு எழுத மாட்டாங்க.

தங்கமணி ஒரு நாள் கேட்டாங்க. "அந்த 1,500 மிச்சம்னு சொல்றீங்களே, அது எந்தக் கணக்குல இருக்கு?"

"வீட்டுக் கணக்குலதான்."

"நாலரைக்கு எந்திரிக்கிறது நான். மிச்சம் மட்டும் வீட்டுக் கணக்கா?"

பதில் சொல்ல முடியுமா? மூணு டப்பா கட்டறதுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல தூக்கம் போகுது. அதுவும் வேலைக்குப் போற பெண்ணா இருந்தா, ராத்திரி பதினொண்ணு வரைக்கும் பாத்திரம் தேய்ச்சுட்டு காலைல நாலரை. அதனால எங்க வீட்ல இப்ப ஏற்பாடு இதுதான். காய் முந்தின நாள் ராத்திரியே நறுக்கி வைக்கிறது என் வேலை. வாரத்துல ரெண்டு நாள் நான்தான் சமையல் (எலுமிச்சை சாதம், இன்னொரு நாள் தயிர் சாதம், ஹி ஹி). புதன்கிழமை எல்லாருக்கும் வெளிச் சாப்பாடு. புதன்கிழமை செலவை நான் செலவுக் கணக்குல எழுதறதில்ல. அது அவங்க சம்பளத்துல நாங்க பிடிச்சு வச்சிருந்த பாக்கி.

மேன்ஷன்லயும் பி.ஜி.லயும் இருக்கிற தம்பிமார்களுக்கு: அம்மா உணவகம் 2013 பிப்ரவரியில சென்னைல ஆரம்பிச்சப்ப இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. கொத்தனார், ஆட்டோக்காரர், ஐ.டி. கம்பெனி டேக் போட்ட பையன் எல்லாரும் ஒரே வரிசைல நின்னு சாப்பிட்டதை நானே பார்த்திருக்கேன். கூச்சப்படாம சாப்பிடுங்க. ஆனா ஊருக்குப் பணம் அனுப்பணும்னு காலைச் சாப்பாட்டை முழுசா முழுங்கற வேலை மட்டும் வேண்டாம். திருவல்லிக்கேணி மேன்ஷன் நாட்கள்ல பக்கத்து ரூம் நண்பன் ஒருத்தன் இதைச் செஞ்சான். ரெண்டு பன்னு ஒரு டீல நாளை ஓட்டுவான். ஒன்றரை வருஷத்துல அல்சர். அவன் மிச்சம் பிடிச்சது எல்லாம் எண்டோஸ்கோபிக்கும் மாத்திரைக்கும் போச்சு. ஊர்ல அவங்க அம்மாவுக்கு இது இன்னமும் தெரியாது.

6. தள்ளுபடி, தவணை, பத்து நிமிஷ டெலிவரி

ஆடித் தள்ளுபடிக்கு ரங்கநாதன் தெருவுல போய் 4,000 ரூபாய் பொருளை 2,500க்கு வாங்கிட்டு வந்து "1,500 மிச்சம்"னு சொல்றவங்க கணக்குல பெயில். மிச்சம் ஆனா அது பையில இருக்கணும். பையில இருக்கறது சேலைதான். தேவை இருந்து வாங்கினா அது மிச்சம், பார்த்துட்டு வாங்கினா அது செலவு. அவ்வளவுதான் சூத்திரம்.

பத்து நிமிஷத்துல கொத்தமல்லி கொண்டு வர்ற செயலிகளும் அப்படித்தான். கொத்தமல்லி 10 ரூபாய், டெலிவரி, கையாளும் கட்டணம், மழைக் கட்டணம்னு ஒரு வால் தொங்கும். அந்த வாலை வெட்டறதுக்கு "இன்னும் 80 ரூபாய்க்கு வாங்கினா இலவச டெலிவரி"ன்னு வரும். நாமளும் வாங்குவோம். அந்த அவசரத்துக்கு மழைல பைக் ஓட்டிட்டு வர்ற பையனைப் பத்தி யோசிச்சா, கொத்தமல்லி இல்லாத ரசம் ஒண்ணும் அவ்வளவு மோசமில்லைன்னு தோணும். செயலியை போன்ல இருந்து எடுத்துட்டு ஒரு மாசம் இருந்து பாருங்க. தெருமுனை இன்னமும் அங்கயேதான் இருக்கு.

7. மருந்து மாத்திரை

சர்க்கரை, பிரஷர் இருக்கிற பெரியவங்க வீட்ல இருந்தா இது பெரிய செலவு. டாக்டர்கிட்ட "ஜெனரிக் பெயர்ல எழுதித் தாங்க"ன்னு கேளுங்க. மத்திய அரசோட மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரியில மாநில அரசு ஆரம்பிச்ச முதல்வர் மருந்தகம், இங்கெல்லாம் அதே மூலக்கூறு நிறையக் குறைஞ்ச விலைல கிடைக்கும். பாக்கெட்டுல கம்பெனி பேர் பெருசா இருக்காது, அவ்வளவுதான். டாக்டரைக் கேக்காம நீங்களா மாத்தாதீங்க. அதே மாதிரி, விலை குறைக்கிறேன்னு மாத்திரையைப் பாதியா உடைச்சு சாப்பிடற பெரியவங்களைப் பார்த்திருக்கேன். உங்க அப்பா அம்மா அப்படிச் செய்யறாங்களான்னு ஒரு தடவை அட்டையை எண்ணிப் பாருங்க. கேட்டா சொல்ல மாட்டாங்க. எண்ணித்தான் பார்க்கணும்.

8. காசில்லாம கிடைக்கிற நல்லது

இந்த ஊர் நம்மகிட்ட நிறையப் பிடுங்கும். கொஞ்சம் கொடுக்கவும் செய்யும். கோட்டூர்புரத்துல அண்ணா நூற்றாண்டு நூலகம், 2010-ல திறந்தது. குழந்தைகளுக்குன்னு தனிப் பகுதி, உக்கார்ந்து படிக்க நல்ல வசதி, உள்ள போகக் காசு கிடையாது. ஞாயித்துக்கிழமை மால்ல நாலு பேருக்கு ரெண்டாயிரம் அழறதுக்கு, அங்க ஒரு நாள் முழுக்க உக்காரலாம். பொண்ணு முதல் தடவை வந்தப்ப, "இத்தனை புஸ்தகமும் நம்மளதாப்பா?"ன்னு கேட்டா. ஆமான்னு சொன்னேன். பொய் இல்லையே. அப்புறம் மெரினா, பெசன்ட் நகர், மார்கழில சபாக்கள்ல நடக்கிற இலவசக் கச்சேரிகள். சுண்டல் வாங்கறதை மட்டும் குறைச்சுக்காதீங்க, அதுக்கு நான் முன்னாடியே டீயைப் பத்தி எழுதிட்டேன்.

9. எதுல மிச்சம் பிடிக்கக் கூடாது

இதுக்குத்தான் இவ்வளவு நேரம் சுத்தி வந்தேன்.

ஒண்ணு, உடம்பு. பல்வலியைத் தள்ளிப் போட்டா 500 ரூபாய் அடைப்பு 6,000 ரூபாய் வேர் சிகிச்சையா வளரும். செருப்பு, ஹெல்மெட், கண்ணாடி, மெத்தை இதுலயெல்லாம் மலிவு பார்க்காதீங்க.

ரெண்டு, கீரைக்காரம்மா. தலைல கூடையோட மூணாவது மாடி ஏறி வர்றவங்ககிட்ட "20 ரூபாயா? 15க்குக் கொடு"ன்னு நிக்கிறோம். அதே கீரையை கண்ணாடி பொட்டில ஏசி போட்டு வச்சு 45 ரூபாய்னு ஸ்டிக்கர் ஒட்டினா வாயைத் திறக்காம எடுத்துட்டு வர்றோம். பேரம் பேசக்கூடிய இடத்துல எல்லாம் பேரம் பேசறது வீரம் இல்ல. பேச வேண்டிய இடத்துல பேசறதுதான். தினம் 5 ரூபாய் குறைச்சா மாசம் 150. நமக்கு அது ஒரு காபி, ஒரு போண்டா. அவங்களுக்கு அது ஒரு நாள் அரிசி.

மூணு, வீட்டு வேலைக்கு வர்றவங்க சம்பளம். எனக்குத் தெரிஞ்ச ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புல கூட்டம் போட்டு முடிவு பண்ணாங்க: யாரும் வேலைக்காரங்களுக்கு ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல கொடுக்கக் கூடாது, கொடுத்தா "ரேட் கெட்டுப் போயிடும்". கூட்டத்துல இருந்த பாதிப்பேர் அந்த வருஷ இன்க்ரிமெண்ட் பத்தலைன்னு கம்பெனி மாறினவங்க! நாம மாறினா அது கேரியர், அவங்க 500 ரூபாய் கூடக் கேட்டா அது பேராசை. நம்ம வீட்டு பட்ஜெட்டை அவங்க வீட்டு அடுப்புல இருந்து எடுத்து சரிக்கட்டறதுக்குப் பேர் சிக்கனம்னா, அந்த சிக்கனம் எனக்கு வேண்டாம். அப்படி மிச்சமாகிற 500 ரூபாய் இல்லாமலேயே, சப் மீட்டர் வீட்டைத் தவிர்த்தா மட்டுமே வருஷத்துக்குப் பத்தாயிரம் மிச்சமாகுதுன்னு மேலயே பார்த்தோம்.

இவ்வளவும் மிச்சம் பிடிச்சு என்ன பண்றது? என் பதில், முதல் வேலையா ஆறு மாசச் செலவுக்கான பணத்தைத் தனியா ஒரு கணக்குல போட்டு வைங்க. 2015 டிசம்பர் வெள்ளத்துலயும் 2020 ஊரடங்குலயும் இந்த ஊர்ல யார் தாக்குப் பிடிச்சாங்க, யார் நகையை எடுத்துட்டு அடகுக்கடைக்குப் போனாங்கன்னு பார்த்தோமே. சம்பளம் பெருசா, சின்னதாங்கிறதை விட, கையில நாலு மாசம் இருந்துச்சா நாலு நாள் இருந்துச்சாங்கிறதுதான் அன்னிக்கு நிர்ணயிச்சது. அந்தப் பணம் கையில இருந்தா மேனேஜர்கிட்ட ஒரு தடவையாவது "முடியாது சார்"னு சொல்லலாம். ஓனர்கிட்ட "கிளம்பறோம்"னு சொல்லலாம். பட்டணத்துல காசு சேர்க்கிறது வீடு வாங்க, கார் வாங்கன்னு மட்டும் இல்லீங்க. யார் முன்னாடியும் கூனிக் குறுகாம நிக்கிறதுக்கு. அதுக்காக இன்னொருத்தரைக் குறுக வச்சுட்டா, அப்புறம் என்ன மிச்சம் பிடிச்சோம்?

உங்க ஊர்ல, உங்க ஏரியாவுல வேற என்ன வழி இருக்குன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. பெங்களூர், மும்பைல இருக்கிற பதிவர்கள் அங்க உள்ள அட்வான்ஸ் கதையையும் எழுதினா நாங்க கொஞ்சம் ஆறுதல் பட்டுக்குவோம்.

பி.கு. 1: கரண்டு விகிதம், டிக்கெட் கட்டணம் எல்லாம் மாறிக்கிட்டே இருக்கும். ஒரு தடவை சரிபார்த்துக்குங்க. கணக்கு போடற முறை மாறாது.

பி.கு. 2: இந்தப் பதிவைத் தங்கமணி படிச்சாச்சு. "எல்லாம் சரி, வாரத்துல ரெண்டு நாள் சமையல்னு எழுதியிருக்கீங்களே, அதை மூணு ஆக்கிட்டா இன்னும் நல்ல பதிவா இருக்கும்"னாங்க. பரிசீலனைல இருக்கு.